ஓசூரில் ஆங்கிலம் கற்பிக்கப்போகும் தங்கைக்கு



ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கு ஓசூரில் ஆங்கிலம் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகளும், உதிரிபாகம் செய்யும் சிப்காட் பட்டறைகளும் உள்ள ஊர். 'சப்ளை', 'கம்ப்ளீட்' எல்லாம் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே புழங்கும்.

இவற்றின் வேரைக் காட்டியே ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கலாம். ஆனால் முதல் நாளே வேர்ச்சொல் பட்டியல் போடாதே. பலகையில் 'ரொம்ப' என்று எழுது. 'நிரம்ப' என்பதன் பேச்சு வடிவம் அது. கன்னடம் பேசும் பையனைக் கேள், 'தும்பா' என்பான். கன்னடத்தில் 'தும்பு' என்றால் நிரப்பு. நிறைவைக் குறித்த சொல்லையே இரண்டு மொழியும் மிகுதிக்கும் வைத்துக்கொண்டன. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் லத்தீனுக்குப் போ. அங்கே நிரப்புவதற்கு 'ப்ளேரே' என்ற வேர். குறைந்ததை இட்டு நிரப்புவது சப்ளை. முழுக்க நிரம்பியது கம்ப்ளீட். ஆடிட் வந்தால் எல்லோரும் பதறுகிற 'கம்ப்ளையன்ஸ்'கூட இந்தக் குடும்பம்தான், கேட்டதை நிறைவேற்றுவது. நம் 'நிறைவேற்று' என்பதிலும் 'நிறை' இருப்பதைக் காட்டு. 'மேனிபுலேட்' வந்த வழியில் 'மனிபுலுஸ்' இருக்கிறது: ஒரு கைப்பிடி, கை நிறைய.

ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சப்ளையும் கம்ப்ளையும் நிரப்பும் வேரில் வந்தவை. அப்ளை, ரிப்ளை, இம்ப்ளை, மல்டிப்ளை அப்படியல்ல. அவற்றின் வேர் 'ப்ளிகாரே', அதாவது மடித்தல். அடுக்கடுக்காக ஒட்டிய ப்ளைவுட் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொல். அந்த 'ப்ளை'யும் மடிப்பு வேர்தான். நாமும் பெருக்கத்தை 'இருமடங்கு, மும்மடங்கு' என்றுதானே சொல்கிறோம்! ஓசை ஒத்துப்போவதால் மட்டும் எந்தச் சொல்லையும் குடும்பத்தில் சேர்க்காதே. அகராதியில் சொற்பிறப்பைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போ.

வேர் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிடும் என்றும் சொல்லிவிடாதே. பாராட்டைக் குறிக்கும் காம்ப்ளிமென்டும், ஒன்றை முழுமையாக்கும் காம்ப்ளிமென்டும் ஒரே வேர். இன்று எழுத்தும் வேறு, பொருளும் வேறு. எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் வைத்தே சொல்லிக்கொடு.

தாய்மொழியில் தொடங்கினால் தரம் குறையும் என்பவர்கள் இருப்பார்கள். பொருட்படுத்தாதே. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க 1916-இல் சேலத்தில் சங்கமே அமைத்தார்.

வாரத்துக்கு ஐந்து சொல் போதும். தெலுங்கு பேசும் பிள்ளைகளையும் விட்டுவிடாதே. அவர்கள் வீட்டில் நிறைவுக்கு என்னென்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்