சபையோம்: சோழர்கால ஊராட்சிக் கல்வெட்டுகளில் வரி, நீர், வழி குறித்த பொறுப்பின் மொழி

ஆய்வுச் சுருக்கம்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் குடவோலைத் தேர்தல் முறைக்குச் சான்றாகவே எடுத்தாளப்பட்டு வருகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டோர் வரி, நீர், வழி ஆகியவற்றில் எவ்வாறு முடிவெடுத்தனர், அம்முடிவுக்கு எவ்வாறு பொறுப்பேற்றனர் என்பதை அக்கல்வெட்டுகளின் சொற்களைக் கொண்டும், பிற சபைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘சபையோம்’ என்னும் தன்மைப் பன்மை வழக்கில் ஒரு பொறுப்புணர்வும் ஒரு விலக்கலும் ஒருங்கே அமைந்துள்ளன என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சபை, வாரியம், இறை, இறையிலி, ஏரி வாரியம், தடிவழி, வெட்டி, தன்மைப் பன்மை.

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வி. வெங்கய்யா 1904–05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் இவற்றை விரிவாக எடுத்துரைத்தார். பின்னர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சியமைப்பைப் பற்றிய தம் ஆய்வுகளில் உத்திரமேரூர்ச் சபையின் செயற்பாடுகளைத் தொகுத்தளித்தார். அதன்பின் பாடநூல் முதல் மேடைப்பேச்சு வரை உத்திரமேரூர் என்றவுடன் குடவோலையே நினைவுக்கு வருகிறது.

தேர்தல் என்பது ஆட்சியின் தொடக்கம் மட்டுமே. ஓலை எடுக்கப்பட்ட மறுநாளிலிருந்து 360 நாள் அவ்வாரியத்தார் என்ன செய்தனர் என்ற வினா தேர்தலைப் போலவே இன்றியமையாதது. ஏரி வறண்டால் யார் கேட்பது, இறை நிலுவையானால் யார் செலுத்துவது, வயலுக்குச் செல்லும் வழி சிதைந்தால் யார் சீர்செய்வது என்பனவே ஓர் ஊரின் அன்றாடச் சிக்கல்கள். இவற்றுக்கான விடை கல்வெட்டுகளின் சொற்களிலேயே பொதிந்துள்ளது.

2. வாரியம்: பணிப்பகுப்பும் கணக்குக் கடமையும்

உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தெரிவான முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே அறுவர் அறுவராக ஓலை எடுக்கப்பட்டது. பஞ்சவாரம் என்பதன் பொருளில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொன் வாரியம் பொன்னின் தரம் காணும் பணியோடு தொடர்புடையது.

இப்பகுப்பில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. சம்வத்சர வாரியத்துக்கு முன்பு தோட்ட வாரியம் செய்தவர்களும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களும் கொள்ளப்பட்டனர். ஒரு துறையில் பணியாற்றிப் பழகியவரே ஊரின் பொது மேற்பார்வைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் இதில் வெளிப்படுகிறது. மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது என்ற விதி, பயிற்சி ஒரு சிலரின் தனியுரிமையாகிவிடாமல் தடுத்தது.

தகுதியின்மைப் பட்டியலில் முதன்மை பெறுவது கணக்குக் காட்டாமை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார். அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், தாயின் உடன்பிறந்தார், சிற்றன்னை பேரன்னை மக்கள் என உறவினர் பலரும் அதே தடைக்கு உட்பட்டனர். தனிமனிதனின் தவற்றுக்குச் சுற்றம் முழுவதையும் விலக்கும் இவ்விதி இன்றைய நீதிநோக்கில் ஏற்புடையதன்று. ஆயினும் அதன் நடைமுறைக் காரணம் தெளிவானது. ஊர்ப்பொருளை மறைத்தவன் தான் விலகி நின்று தன் மைத்துனனை அமர்த்திக்கொள்ளும் வாய்ப்பை அது அடைத்தது.

கணக்கெழுதுவோனுக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகப் பொருளீட்டியவனே கணக்கெழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் காட்டித் தூயவன் எனப்பட்ட பின்னரே அவன் வேறு கணக்கை மேற்கொள்ளலாம். இன்னொருவர் புகுந்து அக்கணக்கை முடித்துவைக்க இடமில்லை. கணக்கைத் தாளின் வடிவாகக் காணாமல் அதனை எழுதியவனின் வாக்குறுதியாகக் கண்டதன் விளைவே இவ்விதி எனலாம்.

3. இறை: விலக்கின் விலை

‘இறை’ என்னும் சொல் தலைவனையும் குறிக்கும். தலைவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். வாரியத்துக்குரிய முதல் தகுதி, கால் நிலத்துக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை. ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அரைக்கால் நிலம் போதும். வரி செலுத்துபவனே வரியை ஆளலாம் என்னும் கொள்கை இதில் உள்ளது.

கோயில் நிலங்களை ‘இறையிலி’ ஆக்கிச் சபை கொடுத்ததாகச் சோழர்காலக் கல்வெட்டுகள் மிகுதியாகக் கூறுகின்றன. இதனை வரித்தள்ளுபடி என்று மேலோட்டமாகப் பொருள்கொள்வது பிழையாகும். அரசனுக்கு ஊர் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை சபையின் முடிவால் குறைவதில்லை. நிலத்தை விற்றவிடத்தும் கொடையாகப் பெற்றவிடத்தும் சபை ஒரு தொகையை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்தின் இறையைத் தானே என்றென்றும் இறுப்பதாக ஒப்புக்கொண்டது. இறைத்திரவியம், பூர்வாசாரம், இறைகாவல் ஆகிய சொற்கள் இவ்வேற்பாட்டைச் சுட்டுவன. எனவே ஒருவருக்கு அளித்த விலக்கு, ஏனையோர் தாங்கும் சுமையாகவோ, பெற்ற முதலைக் காத்துப் பெருக்கும் கடமையாகவோ மாறியது. முதலைச் செலவழித்துவிட்ட சபை பிற்காலத் தலைமுறையைக் கடனாளியாக்கியிருக்கும். கணக்குக் காட்டுதலில் காட்டப்பட்ட கடுமையின் பின்புலம் இதுவே எனக் கொள்ள இடமுண்டு.

இறை இறாதவரை ஒறுக்கும் அதிகாரமும் ஊருக்கு உண்டு; ஆனால் அது மேலிருந்து வந்த ஆணையால் அமைந்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து உக்கலில் உள்ள முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஈராண்டு முழுமையாக இறை செலுத்தாதார் நிலத்தை ஊரார் கைக்கொண்டு விற்கலாம் என்கிறது. ஊராட்சியின் தன்னுரிமையும் பேரரசின் வருவாய்த் தேவையும் சந்திக்கும் இடம் இது. சபையைத் தனியரசாகப் போற்றுவோரும், அரசின் வெறுங்கருவியாகக் கருதுவோரும் ஒருங்கே கவனிக்க வேண்டிய சான்று.

4. நீரும் வழியும்

உத்திரமேரூர் ஏரி கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் எனப் பெயர் பெறுகிறது. பல்லவர் காலத்தில் தோன்றிய அவ்வேரி, சபையின் பார்வையில் ஒருமுறை கட்டி முடித்த பொருளாக இருக்கவில்லை. ஆண்டுதோறும் மண் படிந்து மேடாகும் பொருளாக இருந்தது. இதனால் தொண்டை மண்டலத்து ஏரிக்கல்வெட்டுகளில் ‘குழி குத்துதல்’ என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. ஏரிக்குள் குழி தோண்டி மண்ணைக் கரைக்கு ஏற்றும் பணி அது. இதற்கெனப் பொன்னை முதலாக வைத்து அதன் பலிசையைச் செலவிடுதலும், ஏரிப்பட்டி என நிலம் விடுதலும் வழக்கம். கட்டுமானத்தைவிடப் பராமரிப்பே செலவு மிக்கது என்பதைப் பழந்தமிழ் ஊர்கள் அறிந்திருந்தன. கலிங்கைக் கவனிக்கக் கலிங்கு வாரியம், வயல்களுக்குக் கழனி வாரியம் எனச் சில ஊர்களில் தனி வாரியங்களும் இருந்தன.

இவ்வரிசையில் ‘தடிவழி வாரியம்’ தனிக்கவனத்துக்கு உரியது. ‘தடி’ என்பது வயற்பிரிவு. அதனூடு செல்லும் வழி தடிவழி. ஏரும் மாடும் கதிர்க்கட்டும் செல்லும் வழி அடைபட்டால் வேளாண்மை நிற்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் நில எல்லை வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் என்னும் வரிசையில் குறிக்கப்படுகிறது. ‘வதி’ என்ற சொல்லுக்கு வழி என்றும் நீர்க்கால் என்றும் இருபொருள் கொள்ளப்படுகின்றன. இவ்விருபொருண்மை தற்செயலானதாகத் தோன்றவில்லை. வாய்க்காலின் கரையே வழியாகவும் அமையும் நிலத்தில் நீரையும் போக்குவரத்தையும் பிரித்து ஆள இயலாது. ஒன்றின் அகலம் கூடினால் மற்றொன்றின் அகலம் குறையும். ஆகவே இரண்டையும் பற்றிய முடிவு ஒரே அவையில் எடுக்கப்பட்டது பொருத்தமே.

ஊர்வழி சபையிடம் இருக்க, வணிகப் பொருள்மீதான சுங்கத்தை நீக்கும் ஆணை அரசனிடமிருந்தே வந்தது. முதலாம் குலோத்துங்கனுக்குரிய ‘சுங்கம் தவிர்த்த’ என்னும் அடைமொழி இதனை உணர்த்தும்.

5. ‘ஓம்’ ஈறும் அதன் எல்லையும்

சபைக் கல்வெட்டுகள் முடிவை அறிவிக்கும் முறை சிறப்பானது. ‘சபையோம்’, ‘ஊரோம்’, ‘நாட்டோம்’, ‘நகரத்தோம்’ எனப் பெயரே தன்மைப் பன்மை ஈறு பெறுகிறது. ‘கொடுத்தோம்’, ‘செய்தோம்’ என வினை முடிகிறது. முடிவை எழுதிய மத்தியஸ்தன் ‘எழுதினேன்’ எனத் தன்மை ஒருமையில் தன் கடமையைத் தனியே சுட்டுகிறான். செய்தவர் யார் என்ற ஐயத்துக்கு இத்தொடரமைப்பில் இடமில்லை.

நன்னூலார் அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் எனவும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுத்தும் எனவும் பகுத்துரைப்பர். தொல்காப்பியம் தன்மைப் பன்மை ஈறுகளுள் ஓம் ஈற்றைக் கூறவில்லை. நன்னூல் இக்கல்வெட்டுகளுக்குப் பிற்பட்டது. பேச்சுவழக்கில் ‘ஓம்’ இருநிலைக்கும் பொதுவாய் வழங்குகிறது. ஆதலால் இலக்கண விதியை மட்டும் கொண்டு வரலாற்றை நிறுவுதல் கூடாது. ஆயினும் ‘சபையோம்’ என்பதில் கேட்போர் அடங்கார் என்பதைக் கல்வெட்டின் தகுதி விதிகளே மெய்ப்பிக்கின்றன. இறைநிலமும் சொந்த மனையும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதப் பயிற்சியும் உடைய பிராமண ஆடவரே அந்த ‘ஓம்’. பெண்டிர், உழுகுடிகள், கைவினைஞர், நிலமற்றோர் அதனுள் இல்லை.

விலக்கப்பட்டோரின் பங்கைச் சுட்டும் சொல் ‘வெட்டி’. கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பாகிய வெட்டி, சோழர்கால வரிப்பெயர்களுடன் சேர்ந்தே வருகிறது. குழி குத்தியதும் வாய்க்கால் வெட்டியதும் பெரும்பாலும் இவ்வுழைப்பாளரின் கைகளே ஆகலாம். இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை என்று பொருள். ஏரியைக் காத்த உழைப்பின் பெயர் பயனின்மையின் பெயராகத் திரிந்தமை, கூலியற்ற உழைப்பைச் சமூகம் மதித்த முறைக்கு மொழி தரும் சாட்சியம்.

மாற்றுக்கருத்தை அவை எவ்வாறு நடத்தியது என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து மானூரிலுள்ள முற்காலப் பாண்டியர் கல்வெட்டு சான்றாகிறது. சபையில் எதற்கும் அன்று என்று கூறிக் ‘குத்துக்கால்’ செய்வோர்க்கு ஐந்து காசு தண்டம் விதிக்கப்பட்டது. வீண்தடையை நீக்கும் நோக்கம் இதில் தெரிகிறது. நேர்மையான மறுப்பும் இத்தண்டத்துக்கு அஞ்சியிருக்கக்கூடும்.

6. சொல் நிலைத்தது, பொருள் பெயர்ந்தது

இன்று சபை, வாரியம் ஆகிய இரு சொற்களும் வழக்கில் உள்ளன. 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாநிலம் தழுவியது. அன்று வாரியம் என்பது ஓராண்டுக்குப் பின் பக்கத்து வீட்டாருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அறுவரைக் குறித்தது. இன்று அது ஊருக்கு அப்பாலுள்ள ஒரு நிறுவனத்தைக் குறிக்கிறது. நீரின் தொலைவும் தேவையும் பெருகிய காலத்தில் இம்மாற்றம் தவிர்க்க இயலாதது. ஆயினும் நீரைப் பற்றிய முடிவு ஊரிலிருந்து விலகியதை இச்சொல்லின் வரலாறு காட்டுகிறது.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டுவரி, குடிநீர், தெருச்சாலை ஆகியவை ஊராட்சியின் பொறுப்பில் உள்ளன. கிராம சபையில் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். உத்திரமேரூரின் ‘ஓம்’ விலக்கியோர் அனைவரையும் இது உள்ளடக்குகிறது. இடஒதுக்கீட்டால் பெண்களும் பட்டியலினத்தவரும் தலைமைப் பொறுப்பில் அமர்கின்றனர். இவ்வகையில் இன்றைய சபை பழைய சபையினும் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படுகிறது. புதிதாகச் சேர்ந்த இரு நாள்களுள் ஒன்று உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22.

எனினும் தீர்மான ஏட்டின் மொழியில் ஒரு குறை உண்டு. ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘ஏற்கப்பட்டது’ எனச் செயப்பாட்டு வினையே அங்கு ஆட்சி செய்கிறது. செய்தவர் மறைந்துவிடும் இத்தொடரில் கேட்கப்பட வேண்டியவரும் மறைந்துவிடுகிறார்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

• உத்திரமேரூர் விதிகளில் தேர்தலுக்கு இணையான இடத்தைக் கணக்குக் காட்டும் கடமை பெறுகிறது.

• இறையிலி என்பது வரி நீக்கமன்று. அது சபை தன்மேல் ஏற்றுக்கொண்ட நீண்டகாலக் கடப்பாடு.

• வதி, தடிவழி முதலிய சொற்கள் நீரும் வழியும் ஒரே ஆட்சிப்பொருளாகக் கருதப்பட்டதை உணர்த்துகின்றன.

• ‘சபையோம்’ என்னும் வழக்கு பொறுப்பை வெளிப்படையாக்கியது. அப்பொறுப்பின் வட்டத்தைக் குறுக்கவும் செய்தது.

உத்திரமேரூரை முழுமையான மக்களாட்சியெனப் புகழ்வது வெட்டி செய்தோரை மறப்பதாகும். அதனைச் சாதியவை என ஒதுக்குவது கணக்குக் காட்டும் ஒழுங்கை இழப்பதாகும். அனைவரும் அமரும் இன்றைய அவை அந்த ஒழுங்கையும் ஏற்று, தன் தீர்மானங்களை ‘நாம் செய்தோம்’ என்று எழுதத் தொடங்குமாயின், கல்லில் நின்ற அச்சொல் தன் முழுப்பொருளை எய்தும்.