கணக்கும் கணினியும் பயில வரும் பிள்ளைக்கு

கண்ணு, கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டாய், அடுத்த மாதம் மென்பொருள் வேலையில் சேரப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். எந்த மொழியில் நிரல் எழுதலாம், எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்று சொல்ல உனக்கு ஆள் நிறைய உண்டு. நான் சொல்ல வருவது குணத்தைப் பற்றி. இந்தத் தொழிலில் நான் பார்த்த கெட்டிக்காரர்கள் பலரும் சறுக்கியது ‘என் கணக்கு தப்பாது’ என்ற நினைப்பில்தான். உலகம் அறிந்த பெரிய விபத்துகளைத் தோண்டிப் பார்த்தாலும் அடியில் அதே நினைப்புதான் கிடக்கிறது. பொறுமையாகப் படி.

1. முதல் சந்தேகம் உன்மேல் இருக்கட்டும். விடை பிசகினால் கருவியைப் பழிக்கும் முன் உன் நிரலைப் பார், தரவைப் பார், எதை உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்கினாய் என்று பார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு சிறிய கல்லூரியில் கணிதம் கற்பித்த தாமஸ் நைஸ்லி, 1994இல் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் சோடிகள் அவை. கூட்டுத்தொகை இடித்தது. தேடிக்கொண்டே போனால், 1ஐ 824633702441ஆல் வகுக்கும் இடத்தில் பத்து இலக்கங்களுக்கு அப்பால் விடை தவறாக இருந்தது. சிப்பில் கோளாறு என்று அவர் உடனே ஊரைக் கூட்டவில்லை. மாதக்கணக்கில் தன் நிரல், கம்பைலர், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். கடைசியில் மிஞ்சியது இன்டெல்லின் பென்டியம் சிப். வகுத்தலுக்கு அது பார்க்கும் உள் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் இருந்தன. சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுக்கு ஒரு முறைதான் இது நேரும் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. வாங்கியவர்கள் ஏற்கவில்லை. அந்த டிசம்பரிலேயே கேட்டவர்க்கெல்லாம் சிப்பை மாற்றித் தருவதாக அறிவித்து, 47.5 கோடி டாலரைச் செலவில் எழுதியது. ஒரு தனி ஆசிரியரின் சொல் அவ்வளவு பெரிய நிறுவனத்தின் முன் நின்றதென்றால், அவர் தன்னை முதலில் சோதித்துவிட்டு வந்ததால்தான் நின்றது.

2. பலமுறை சரியாக வந்தது என்பதற்காக எப்போதும் சரியாக வரும் என்று நம்பிவிடாதே. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் என்று மதிப்பிட காஸ் வழியாக வந்த ஒரு சூத்திரம் உண்டு. பத்து லட்சத்துக்குள் உள்ள பகா எண்கள் 78,498. சூத்திரம் தருவது ஏறத்தாழ 78,627. கோடிக்குப் போனாலும் நூறு கோடிக்குப் போனாலும் சூத்திரம் கொஞ்சம் கூட்டியேதான் சொல்லும். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இது என்றைக்கும் இப்படித்தான் என்று சத்தியம் செய்வார். 1914இல் லிட்டில்வுட் நிரூபித்தது வேறு: இந்த நிலை தலைகீழாகும், அதுவும் முடிவின்றிப் பலமுறை ஆகும். அப்படி ஆவதாக இன்று அறியப்பட்டிருக்கும் இடத்தை எழுத 300க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு எந்தக் கணினியும் அங்கே போய்ச் சேராது.

நம் ராமானுஜனும் பகா எண்கள் விஷயத்தில் தவறினார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது, அவற்றின் எண்ணிக்கையைப் பற்றி அவர் கண்டதாகச் சொன்ன முடிவு சரியல்ல. அதே கடிதங்களில்தான் ஹார்டி அதுவரை கண்டிராத தேற்றங்களும் இருந்தன. ஹார்டி இரண்டையும் படித்தார். பிழையைப் பிழை என்றே சொன்னார்; மனிதரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்டார். உனக்குக் கீழே பிள்ளைகள் வேலை செய்யும் காலம் வரும். அப்போது இதை மறந்துவிடாதே.

3. வேறொருவர் எழுதி, ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல் உன் கைக்கு வரும். எழுதியவரைக் குறைத்துப் பேசாதே. அவருக்கு இருந்த நேரமும் நெருக்கடியும் உனக்குத் தெரியாது. அதே சமயம், எந்தச் சூழலுக்காக எழுதியது என்று கேட்காமல் அதை இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைக்கவும் வைக்காதே. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ 40 வினாடியில் திசை தவறிச் சிதறிப்போனது. ஏரியான் 4இல் குறையில்லாமல் ஓடிய வழிகாட்டும் நிரலைப் புதிய ராக்கெட்டிலும் வைத்திருந்தார்கள். புதியதன் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட்டில் இருந்த எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்தது நிரல், எண் கொள்ளவில்லை, கருவி நின்றது. மாற்றுக்கு வைத்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல், ஆகவே அதுவும் நின்றது. இதில் என் நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கணக்குப் பகுதிக்கு, புதிய ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது. பழையதில் இருந்தது, அதனால் புதியதிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரியை வைப்பதானாலும் எடுப்பதானாலும் ஏன் என்று கேள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், நீ கேட்டதையும் பதில் கிடைக்காததையும் எழுதி வை. அடுத்து வரும் பிள்ளைக்கு ஆகும்.

4. வெள்ளிக்கிழமை மாலை புரொடக்‌ஷனில் எதையும் ஏற்றாதே. அவசரம் என்று மேலிருந்து சொன்னால், யாருடைய அவசரம் என்று மரியாதையாகக் கேள்.

5. ‘அப்படி நடக்க வாய்ப்பே இல்லை’ என்ற சொல் உன் வாயில் வரவே கூடாது. தெராக்-25 என்று கனடாவில் செய்த ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். அதற்கு முந்தைய மாடல்களில் அளவு மீறிப் போகாதபடி தடுக்கும் தனித் தடுப்புகள் இயந்திரத்திலேயே இருந்தன. தெராக்-25இல் அந்தக் காவலை நிரலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1986இல் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில், இயக்கும் பெண் ‘இ’ அடிக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ அடித்துவிட்டார். பழகிய கை, கர்சரை மேலே கொண்டுபோய்ச் சட்டென்று திருத்திவிட்டு சிகிச்சையைத் தொடங்கினார். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கம் இல்லை. உள்ளே படுத்திருந்த மனிதர் வலியில் துடித்தார். அளவு மீறிய கதிர்வீச்சு சாத்தியமில்லை என்றார்கள் நிறுவனத்தின் பொறியாளர்கள். அடுத்த மாதமே இன்னொருவருக்கும் அதே கதி நேர்ந்தது. மருத்துவமனையின் இயற்பியலாளர் விடவில்லை. அந்தப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் அடித்ததைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். திருத்தத்தை வேகமாகச் செய்து முடித்தால் மட்டும் நிரல் தடுமாறுகிறது என்று அப்போது தெரிந்தது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர் கண்ணுக்கு அது சிக்கவே சிக்காது. 1985 முதல் 1987 வரை அந்த இயந்திரத்தால் ஆறு விபத்துகள், உயிர்களும் போயின. நடக்க வாய்ப்பில்லை என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு முறையும் ‘எப்படி நடந்தது, எனக்குச் செய்து காட்டுங்கள்’ என்று கேள்.

6. பிழையைச் சுட்டிக்காட்டுபவரை உட்கார வைத்துப் பேசு. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வங்கியின் கணக்குகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். வட்டியில் சில ரூபாய் இடிக்கிறது என்று கிளையிலிருந்து கிளார்க் அம்மா ஒருவர் வந்தார். கையில் லெட்ஜரைப் பார்த்து எழுதிய ஒரு முழுத்தாள். மாதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே நாள்களைப் பென்சிலால் குறித்து, பிப்ரவரிக்கு நேரே 29 என்று போட்டு வட்டமிட்டிருந்தார். நிரலை எழுதியவர் எங்களில் மூத்தவர். தாளை வாங்கி நின்றபடியே மேலிருந்து கீழே படித்தார். “நீங்க சொல்றது சரிம்மா. லீப் வருஷத்தை நான் விட்டுட்டேன்” என்றார். காபி வரவழைத்து, அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேறெங்கே சந்தேகம் என்று கேட்டார். மாலைக்குள் இன்னும் சில பிழைகள் அகப்பட்டன. நான் அதற்குப் பிறகு யாரிடமும் இந்தத் தொழிலைப் பற்றி அதைவிடப் பெரிய பாடம் கற்கவில்லை. டொனால்டு க்னூத் என்ற பேராசிரியர் தன் நூல்களில் பிழை கண்டு முதலில் எழுதுபவருக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்புவதை வழக்கமாக வைத்திருந்தார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்தார்கள்.

7. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகு. முதல் தடவை நாக்கு எழாது; அப்புறம் பழகிவிடும். இப்போது நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை தவறான விடையையும் சரியான விடையின் தோரணையிலேயே சொல்லும். பயன்படுத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரி வரியாகப் படித்துப் புரியாத எதையும் உன் பெயரில் அனுப்பாதே. கேட்டால் விளக்கத் தெரியாத நிரல் உன்னுடையது ஆகாது.

8. இந்தத் துறையில் பணம் பெரிது, வாக்குறுதி அதைவிடப் பெரிது. மேடையில் காட்டும் ஸ்லைடையும் உள்ளே ஓடும் இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்வோம் என்று சொல்லி, கலிபோர்னியாவின் தெரானோஸ் நிறுவனம் ஏறத்தாழ 900 கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்தது. ஆனால் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வேறு நிறுவனங்களின் வழக்கமான இயந்திரங்களில்தான் ஓட்டினார்கள். முன்னாள் அமைச்சர்களும் தளபதிகளும் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருந்தும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்களில் எரிகா சியுங், டைலர் ஷுல்ட்ஸ் என்று கல்லூரி முடித்து வந்த இரண்டு பிள்ளைகள் உண்டு. டைலரின் தாத்தாவே அந்தக் குழுவில் இருந்தார். அவரும் முதலில் பேரனை நம்பவில்லை. வழக்கறிஞர்களுக்கு மட்டும் அவன் பெற்றோர் 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. 2022இல் அதன் நிறுவனருக்கு 11 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதித்தார்கள். புதிய ஆள் என்பதால் உன் கண் பார்த்ததைக் குறைவாக மதிக்காதே. பார்த்ததைத் தேதி போட்டுக் குறித்து வை. துணைக்கு ஒருவரையாவது தேடிக்கொள். தனியாக நின்றவர்களை நொறுக்குவது எளிது.

9. கடைசியாக ஒன்று. உன் நிரலின் மறுமுனையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பிரிட்டனில் 1999 முதல் அஞ்சலகக் கிளைகளுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு குழுமம். கிளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஊர்க் கடைக்காரர்கள். இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களும் அவர்களில் உண்டு. கணக்கில் பணம் குறைந்தால் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம் என்று அஞ்சலக நிறுவனம் சொன்னது. ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூர்க் கிளையில் திரை 2,000 பவுண்டு குறைகிறது என்றது. அந்த அம்மா உதவி எண்ணை அழைத்து, சொன்னபடி விசைகளைத் தட்டினார். அவர் கண்ணெதிரே குறை இரட்டிப்பானது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்று பலரிடம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நம்பி, வீட்டை அடகு வைத்தார்கள், கடன் வாங்கினார்கள். திருடர், பொய்க் கணக்கு எழுதியவர் என்று 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் சிறைக்குப் போனார். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டத்தின் நிலையாக இருந்தது.

வேல்ஸில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் கலங்கவில்லை. மற்றவர்களைத் தேடிப் பிடித்தார்; 555 பேர் சேர்ந்து வழக்காடினார்கள். 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஹொரைசனில் பிழைகள் இருந்தன, கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்து ஃபுஜிட்சு ஆட்களால் தொடவும் முடிந்தது. 2024இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே அடியாக நீக்கியது.

இதில் என்னை இன்னும் உறங்க விடாதது, அந்தப் பிழைகள் உள்ளே இருந்த சிலருக்கு முன்பே தெரியும் என்பது. கையில் ஆதாரம் இருந்தும் அது நீதிமன்றம் போய்ச் சேரவில்லை. கண்ணு, நாளை உன் மேஜைக்கும் அப்படி ஒரு புகார் வரும்; அன்று நீ லாகைத் திறந்து பார்க்க வேண்டும், பார்த்ததை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த 2019 தீர்ப்போடு பிழைகளை ஒவ்வொன்றாக ஆராயும் ஒரு தொழில்நுட்ப இணைப்பு இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். வேலையில் சேர்வதற்குள் அதைப் படித்துவிடு. படித்ததும் எனக்கு எழுது.