அரசு வேண்டற்பாலதோ? இஸ்லாமியப் பிரிவினர் கொள்கைகள்

மக்கள் கூடி வாழ்தற்கு அரசு இன்றியமையாததென்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததுபோலத் தோன்றும். ஆயினும் அதனையும் ஐயுற்று ஆராய்ந்தோர் இஸ்லாமிய அறிஞருள் உளர். அரசு வேண்டுமோ? வேண்டுமெனின், அதனை வேண்டுவது பகுத்தறிவோ, வேத விதியோ? இவ்வினாக்கட்கு அவர்கள் கூறிய விடைகளை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். இமாம் என்னுஞ் சொல் தொழுகையை முன்னின்று நடத்துவாரையும் சமுதாயத் தலைவரையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது தலைவரையே குறிக்கும்.

கி. பி. 632-ல் முகம்மது நபியவர்கள் மதீனாவில் மறைந்தபொழுது, நல்லடக்கம் நிகழுமுன்னரே தோழர் சிலர் கூடி அபூபக்கரைத் தலைவராகத் தெரிந்தனர். தலைவரின்றிச் சமுதாயம் நிலைபெறாதென்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவர் ஸுன்னிகள். இமாமை நிறுவுதல் சமுதாயம் முழுவதற்கும் உரிய கடமை என்றும், தகுதியுடையார் அதனை நிறைவேற்றின் ஏனையோர் கடமை நீங்கும் என்றும் மாவர்தீ (இறப்பு 1058) தமது அரசியல் நூலில் விதித்தார். உலகியல் ஒழுங்கின்றிச் சமயம் நிலவாது, ஆள்வோனின்றி உலகியல் ஒழுங்கு நிலவாது என்பது கஸ்ஸாலியின் (1058–1111) வாதம்.

ஷியாக்கள் வேறு நெறியிற் சென்றனர். இமாமை அமைத்தல் மக்கள் கடமையன்று. அடியார்பால் வைத்த அருளால் இறைவனே அவரை அமைத்துத் தருவான் என்பது பன்னிரு இமாம்களைப் பின்பற்றுவோர் கொள்கை. பன்னிரண்டாம் இமாம் 874-ல் மறைவுற்றனர் என்று அவர்கள் நம்புதலின், அவர் வருமளவும் ஆள்வார் யார் என்னும் வினா எழுந்தது. சட்ட அறிஞரே ஆளத்தக்கார் என்னும் விடை 1979-ல் ஈரானில் அரசியலமைப்பாகவே உருப்பெற்றது.

இனி, அரசை மறுத்தாரை நோக்குவாம். 657-ல் ஸிஃப்பீன் போரில் அலீ நடுவர் தீர்ப்பிற்கு இசைந்தபொழுது, தீர்ப்பளித்தல் இறைவனுக்கே உரியதென்று கூறிச் சிலர் பிரிந்தனர். இவரே காரிஜிகள். அம்மொழி மெய்யேயாயினும் அதனைக் கொண்டு தலைமையை மறுத்தல் தவறு என்றும், நல்லரோ தீயரோ, மக்கட்குத் தலைவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்றும் அலீ விடையிறுத்தனர் என்பர். காரிஜிகளிற் பெரும்பாலார் தமக்கெனத் தலைவரைத் தெரிந்துகொண்டனர். அவர் நெறி தவறின் நீக்கவும் துணிந்தனர். அவருள் நஜ்தாவைப் பின்பற்றியோர் மட்டுமே, மக்கள் வேதத்தைப் பற்றித் தம்முள் நீதியோடு ஒழுகுவராயின் இமாம் வேண்டா என்று கொண்டதாகக் கூறப்படுகின்றது. முஃதஸிலா அறிஞராகிய பஸ்ராவின் அஸம்மும் இதனை ஒத்ததொரு கருத்தினர். அரசு வேண்டாமென்றது ஒழுங்கின்மையை விரும்பியன்று. கொடுங்கோன்மைக்கு அஞ்சியே என்பது இப்னு கல்தூன் (1332–1406) கூறும் விளக்கம்.

இவ்விரு சாராரையும் வரலாறு சோதித்தது. தலைவர் வேண்டா என்னுங் கொள்கைக்கு உரியரெனப்படும் கூட்டத்தார் நஜ்தாவின் ஆணையின்கீழ் வாழ்ந்தனர். ஈற்றில் அவரைக் கொன்றாரும் அவர்தம் பழந்துணைவரே. அரசு வேண்டுமென்றாரோ, குழப்பத்திற்கு அஞ்சி, வலிமையால் ஆட்சியைக் கவர்ந்தவனையும் ஏற்க நேர்ந்தது. இப்னு ஜமாஆ (இறப்பு 1333) அத்தகைய ஆட்சியும் செல்லுமென்று தீர்ப்புரைத்தார்.

1924-ல் துருக்கி கிலாபத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டே எகிப்தில் அலீ அப்துர் ராஸிக், கிலாபத் சமயத்திற்கு இன்றியமையாததன்று என எழுதி, அல்-அஸ்ஹர் அறிஞர் வரிசையினின்றும் நீக்கப்பட்டனர்.

ஆராயுங்கால், இருசாரார்க்கும் பொதுவாய் நிற்பது ஒன்று: வேண்டப்படுவது நீதியே, அரசு அதற்குக் கருவி. மறுத்தார் மக்களின் நேர்மையை மிகுதியும் நம்பினர். உடன்பட்டார் ஆள்வோன் வலிமையை மிகுதியும் நம்பினர். ஆதலின், அரசு வேண்டுமென்று நிறுவுவதோடு ஆராய்ச்சி முடிவதன்று. ஆள்வோனை நெறியில் நிறுத்துவது யாது என்னும் வினாவும் உடன் விடுக்கற்பாலதேயாம்.