பலாலிக்குப் புறப்படும் பிள்ளைக்கு



இரத்மலானையில் நீ தனியப் பறந்து இறங்கிவிட்டாய் என்று அக்கா சொன்னா. கிளிநொச்சி வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அடுத்து 270 கிலோமீற்றருக்குக் குறையாத தனிப்பயணம். அதில் பலாலிக்குப் போகும் வழியில் எங்கட வீட்டுக்கு மேலால் ஒரு வட்டம் அடிப்பதாக அம்மம்மாவிடம் சொன்னாயாம். அவ ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வட்டம் வேண்டாம், பிள்ளை. முற்றத்தில் கையசைப்பவரைத் தேடும் கண் வேகமானியை மறந்துவிடும். வீடு பார்வையிலிருந்து நழுவ நழுவ, கை தன்னையறியாமல் சரிவைக் கூட்டும். உயரம் குறையாமல் 60 பாகை சரிவில் திரும்பினால் இறக்கை தாங்கும் பாரம் இரண்டு மடங்கு. நேராகப் பறக்கையில் 50 நொட்டில் தூக்குவிசை இழந்து ஸ்டோல் ஆகும் விமானம் அப்போது 70 நொட்டிலேயே ஆகிவிடும். தாழப் பறந்தால் அதை மீட்க உயரம் இராது. வீட்டுக்குக் கிட்ட, இரணைமடுவில் விமானப்படைத் தளம் இருப்பதையும் மறவாதே.

அதைவிட எனக்குப் பயம் முகில்தான். ஐப்பசியில் காலை வெளித்திருக்கும் வானம் பின்னேரம் இடிமுகிலாகக் கறுக்கும். வவுனியா தாண்டியபின், 'இவ்வளவு தூரம் வந்திட்டன், இன்னும் கொஞ்சம்தானே' என்று மனம் சொல்லும். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்புப் பழகாத 20 பேரை வெளியே தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடியில். திருப்பம் நீண்டால் காதுக்குள் இருக்கும் திரவம் அதற்குப் பழகிவிடும். சரிந்து போகும் விமானம் நேராகப் போவதாகவே உடம்புக்குத் தோன்றும். 1999 ஜூலையில், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன் இப்படித்தான் இரவு மூட்டத்தில் கடலில் விழுந்தார். மனைவியும் மனைவியின் தமக்கையும் கூடவே போனார்கள்.

ஆனால் அதே இல்லினோய் ஆய்வில், திரும்பி வெளியேறப் பழக்கியபின் அநேகமாக எல்லோரும் தப்பினார்கள். வினாடிக்கு 3 பாகை என்று திருப்பினால் வந்த வழிக்குத் திரும்ப ஒரு நிமிடம் போதும். உடம்பு சொல்வதை விட்டுக் கருவியை நம்பு. உன் பயிற்றுநரிடம் கேட்டு, கண்மறைப்புப் போட்டு, கை பழகும்வரை செய்.

முகிலின் அடி எவ்வளவு உயரத்தில் இருந்தால் போவாய், எவ்வளவு தூரம் தெரிந்தால் தொடர்வாய், எந்த எரிபொருள் அளவில் திரும்புவாய் என்பதை முதல்நாள் இரவே எழுதி வை. மேலே போனபின் அதைத் தளர்த்தாதே.

உன் படிப்புக்கு அக்கா நகை அடகு வைத்தது உனக்குத் தெரியும். நீ பறக்கிற ஒவ்வொரு மணியையும் காசாக எண்ணுகிறாய் என்பது எனக்குத் தெரியும். நான் பறக்கப் பழக்கிய பிள்ளைகளையும் இந்தக் கணக்குத்தான் கூடாத வானத்துக்குள் தள்ளப் பார்த்தது. நகையை மீட்பது எங்கட பாடு. நீ பாதியில் திரும்பினால் ஒருவரும் காரணம் கேட்கமாட்டோம்.

பலாலிக்கு ஒருவரும் வந்து காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மம்மாவுக்கு முதலில் கோபம்; பிறகு, இறங்கினதும் போன் எடுக்கச் சொன்னா.

அன்புடன்,
மாமா