பழைய ஆக்டேவியா: 8 லட்சத்தில் ஒரு வேகமான செடான் வாங்க

மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா 2013-ல் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் 1.8 டிஎஸ்ஐ மாடலை வீட்டுக்குக் கொண்டுவர சுமார் 20 லட்சம் ரூபாய் ஆனது. 180 குதிரைத்திறன், குடும்பத்தோடு லக்கேஜும் தாராளமாகக் கொள்ளும் டிக்கி, நெடுஞ்சாலையில் நல்ல பிடிமானம். அதே கார் இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கிறது. விலை இறங்கியது காருக்கு மட்டும்தான், உதிரி பாகங்களுக்கு இறங்கவில்லை. கியர்பாக்ஸில் கோளாறு வந்தால் 20 லட்ச ரூபாய் காருக்கு ஆகிற செலவுதான் ஆகும்.

அதனால் கார் தேடும் முன் பணத்தைப் பிரித்துவையுங்கள். கையில் 8 லட்சம் இருந்தால் 6 லட்சத்துக்குள் கார் பாருங்கள். மீதி 2 லட்சம் முதல் வருடப் பராமரிப்புக்கு. மொத்தப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, முதல் பெரிய ரிப்பேரிலேயே தடுமாறிக் காரை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. சந்தையில் ரொம்ப மலிவாக வரும் கார்களில் பல இப்படிப்பட்டவைதான். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமலே கை மாறுகின்றன.

அடுத்து, எந்த இன்ஜின், எந்தக் கியர்பாக்ஸ் என்று முடிவு செய்யுங்கள். கலர், சன்ரூஃப் எல்லாம் பிறகு. 1.8 டிஎஸ்ஐயில் வருவது 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். டிக்யூ200 என்பார்கள். இது எண்ணெயில் ஊறாத டிரை கிளட்ச் வகை. ஹைவேயில் அருமையாக ஓடும், ஆனால் நகர நெரிசலில் அரையடி அரையடியாக ஊர்ந்தால் கிளட்ச் சூடாகித் தேயும். கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டும் இதில் பெயர்போன பலவீனம். அதை மாற்ற லட்சக்கணக்கில் ஆகும். ஆகவே 1.8 வாங்குவதென்றால் கிளட்சும் மெக்கட்ரானிக்கும் எப்போது மாற்றப்பட்டன என்று பில்லோடு கேளுங்கள். பில் இருக்கும் காருக்கு 50,000 ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.

என்னைக் கேட்டால், சின்ன பட்ஜெட்டுக்கு 1.4 டிஎஸ்ஐ மேனுவல்தான் நல்ல தேர்வு. 140 குதிரைத்திறன், 6 கியர். இழுவிசை 1.8-க்குச் சமமாக 250 நியூட்டன் மீட்டர். மெக்கட்ரானிக் பயமே இல்லை. இது சந்தையில் குறைவாகத்தான் வரும், காத்திருந்தாலும் பரவாயில்லை. 2.0 டீசல் ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயில் ஊறும் 6 கியர் டிஎஸ்ஜி. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயில் மாற்றிய பில் இருந்தால் பார்க்கலாம். இந்த ஆக்டேவியாவுக்கு முந்தைய ஸ்கோடா லாரா 1.8 இன்னும் மலிவு. ஆனால் அந்தக் காலத்து இன்ஜினில் டைமிங் செயின் டென்ஷனர் கோளாறும் ஆயில் குடிக்கும் பழக்கமும் உண்டு.

பழைய பிஎம்டபிள்யூ 320டி இதே விலைக்கு வருகிறதே என்று ஆசை வரும். 2007 முதல் சென்னை அருகே மகேந்திரா சிட்டியில் அசெம்பிள் செய்யப்பட்ட கார்தான் அது. ஓட்டுவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலியை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி காரைப் பார்க்கப் போகலாம். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை கேட்கும். ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று வினாடி ‘கடகட’வென்று உலோகச் சத்தம் வந்து அடங்கினால் செயின் தளர்ந்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

பிறகு டார்ச் அடித்து இன்ஜினின் பக்கவாட்டில் பாருங்கள். இந்த டிஎஸ்ஐ இன்ஜின்களில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் அடங்கிய பிளாஸ்டிக் கூடு கசியும். சொட்டுச் சொட்டாக ஒழுகாது. இளஞ்சிவப்புக் கூலன்ட் காய்ந்து, உப்புப் பூத்தது மாதிரி ஓரத்தில் பொருக்காக ஒட்டியிருக்கும். கூலன்ட் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், காலையில் ஊற்றியதாக இருக்கலாம்.

டிஎஸ்ஜி காரைக் குறைந்தது அரை மணி நேரம், நெரிசலில் ஓட்டுங்கள். சூடான பிறகுதான் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறல் தெரியும். ஒரு மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்தும் பாருங்கள்.

இதற்குப் பிறகு ஸ்கேனர் போடாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களுக்கு விசிடிஎஸ் என்ற ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். பதிவான கோளாறு ஒவ்வொன்றின் கீழும், அது எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்ற குறிப்பு இருக்கும். மீட்டர் 72,000 காட்டி, உள்ளே 1,10,000-ல் பதிவான கோளாறு கிடந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். கோளாறே இல்லாமல் சுத்தமாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். காரின் கணினி தானே செய்துகொள்ளும் ‘ரெடினெஸ்’ சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். ரீமேப், அதாவது மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டிய காரா என்றும் நேராகக் கேளுங்கள். டிக்யூ200 தாங்கும் இழுவிசை 250 நியூட்டன் மீட்டர்தான், ரீமேப் அதைத் தாண்டவைக்கும்.

சென்னைக் கார் என்றால் வெள்ளத்தையும் மனதில் வையுங்கள். 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல் இரண்டிலும் முங்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்துப் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னிக்கு அடியில் வண்டல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சேற்றுக் கறையோ வண்டலோ கண்ணில் பட்டால் கிளம்பிவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

காகித வேலை சுருக்கம்தான், ஆனால் விடக்கூடாது. எம்பரிவாகன் செயலியில் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் எல்லாம் பாருங்கள். நிலுவை அபராதத்தை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். கடன் முடிந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் என்ஓசியும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றிருந்தால், போன வருடம் எதற்குக் கிளெய்ம் செய்தார்கள் என்று கேளுங்கள். டெல்லி கார் மலிவாக வரலாம், 10 ஆண்டு கடந்த டீசல்களுக்கு அங்கே தடை விதிக்கப்பட்டதும் ஒரு காரணம். அதை இங்கே பதிவு செய்யத் தமிழ்நாட்டு வரி எவ்வளவு என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்டு, விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பேரத்தில் டயரை மறக்காதீர்கள். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது பழைய ரப்பர்தான், நாலு டயர் காசைக் குறைக்கச் சொல்லலாம்.

கார் கைக்கு வந்த வாரமே, ஒதுக்கிவைத்த பணத்தில் இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் அனைத்தையும் மாற்றுங்கள். 1.4 பெட்ரோலிலும் டீசலிலும் இருப்பது டைமிங் பெல்ட். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.