தனியார் உடைமையில் ஓர் அணை : முல்ஷி

மின்னுற்பத்தி அரசின் பொறுப்பே என்னும் கருத்து 1956ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானத்தால் உறுதி பெற்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே மேற்குத் தொடர்ச்சி மலையில் தனியார் அணைகள் எழுந்துவிட்டன. பம்பாய்ப் பஞ்சாலைகள் தொலைவிலிருந்து வந்த நிலக்கரியை நம்பியிருந்த காலம் அது. டாட்டா நிறுவனத்தார் லோணாவளாப் பகுதியில் மழைநீரைத் தேக்கி, ஏறத்தாழ 500 மீட்டர் கீழே கொங்கணச் சமவெளிக்குக் குழாய்களில் இறக்கி, 1915இல் கோபோலியில் மின்சாரம் எடுத்தனர். 1922இல் பிவ்புரி நிலையமும், 1927இல் பீரா நிலையமும் தொடங்கின.

பீராவுக்கு நீர் தருவது முளா நதி மீதுள்ள முல்ஷி அணை. முளா, கிழக்கே பாய்ந்து பீமா வழியாகக் கிருஷ்ணையில் கலக்கும் நதி. அதன் நீர் மலையினூடே மேற்கே திருப்பப்படுகிறது. சுழலிகளை இயக்கியபின் குண்டலிகா ஆற்றின் வழியே அரபிக் கடலை அடைகிறது. நீர்மின்சாரம் நீரைச் செலவழிப்பதில்லை என்று மாணவர் படிப்பதுண்டு. பீமாப் படுகை உழவருக்கு இக்கூற்று பொருந்தாது. வறட்சி ஆண்டுகளில் இந்நீரைக் கிழக்கிலேயே நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இதனால்தான்.

அணை தனியாருடையது, அதற்கு நிலம் எடுத்த அதிகாரமோ அரசினுடையது. பொதுமக்களுக்குப் பயன்படும் பணியெனில் ஒரு கம்பெனிக்காகவும் நிலத்தைக் கட்டாயமாக எடுக்க 1894ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம் இடமளித்தது. முல்ஷிப் பள்ளத்தாக்கில் நெல் விளைவித்து வந்த ஏறத்தாழ ஐம்பது கிராமங்கள் இதனால் பாதிக்கப்பட்டன. 1921 ஏப்ரலில் அங்குச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. சேனாபதி பாபட் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். பணி சிறிது காலம் நின்றது. ஆனால் நிலத்தில் பெரும்பகுதி புனேயைச் சேர்ந்த லேவாதேவிக்காரர் பெயரில் இருந்தது. அவர்களுட் பலர் இழப்பீட்டை ஏற்றனர். ஏர் பிடித்தவருக்குப் பதிவேட்டில் இடமில்லை. 1924இல் போராட்டம் ஓய்ந்தது. இதனை வெறும் அணை எதிர்ப்பாகக் கொள்வது குறையான பார்வை என்பது என் கருத்து. நிலவுடைமைக்கும் உழவுக்கும் இடையிலிருந்த பிளவே அதன் முடிவைத் தீர்மானித்தது.

1991க்குப் பின் மின்னுற்பத்தி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றது. ஆயினும் குறிப்பிட்ட மூலதனச் செலவுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் இசைவை வேண்டியது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2013இல் இயற்றப்பட்ட நிலமெடுப்புச் சட்டமோ, தனியார் கம்பெனிகளுக்காக நிலம் எடுக்குமுன் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன்னிசைவு தேவை என்கிறது. ஆனால் அதன் வாசகத்தை அதிகாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். குத்தகையாளரும் விவசாயக் கூலிகளும் மறுவாழ்வு உதவிக்குரிய குடும்பங்களில் அடங்குவர். இசைவைக் கணக்கிடும்போதோ, நிலம் முதலிய அசையாச் சொத்தை இழப்போரும் அரசிடமிருந்து நிலம் ஒப்படைக்கப் பெற்றோரும் மட்டுமே எண்ணப்படுகின்றனர்.