நினைவு ஓட்டத்திற்கு உடலைப் பழக்குதல்

சபாவில் சண்டாக்கானிலிருந்து ரானாவ் வரை ஏறக்குறைய 260 கிலோமீட்டர். 1945-ஆம் ஆண்டு ஜப்பானியர் போர்க்கைதிகளை மூன்று முறை இக்காட்டு வழியே நடத்திச் சென்றனர். பலர் வெறுங்காலுடன் நடந்தனர். சண்டாக்கான் முகாமில் இருந்த ஏறத்தாழ 2,400 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களில் எஞ்சியவர் அறுவரே. அவர்களும் தப்பியோடியதால் பிழைத்தவர்கள்.

இத்தகையோர் நினைவாக நிதி திரட்டும் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்ள விரும்பும் அன்பர்கள், நான்கு மாதமாவது முன்கூட்டியே பயிற்சியைத் தொடங்குவது நலம். இதய நோய், நீரிழிவு உள்ளோர் முதலில் மருத்துவரைக் காணுங்கள்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்தாலே போதும். வாரத்தில் மூன்று நான்கு நாள். அவற்றுள் ஒருநாள் மட்டும் நீண்ட தூரம். இவ்வாரம் 20 கிலோமீட்டர் என்றால் அடுத்த வாரம் 22-க்கு மேல் வேண்டாம். மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெல்லத்தான் பழகும். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. (இளைஞர்கள் இதைக் கேட்பதில்லை!)

நம் நாட்டில் வெயிலைவிட ஈரக்காற்றே பெரும் பகை. வியர்வை உலராததால் உடல் குளிர்வதில்லை. ஆகவே விடியுமுன் ஓடுங்கள். தாகத்திற்கேற்ப நீர் பருகுங்கள். வெறும் நீரையே அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, கேட்டதற்கு மாறிப் பேசினாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 999-ஐ அழையுங்கள்.

புதுச் சப்பாத்தை ஓட்டத்தன்று முதன்முதலாக அணியாதீர்கள். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.